நெதர்லாந்து ஸௌடர்வாட்டர்லீனி சைக்கிள் ரூட்னா என்ன?

பேருக்கு அர்த்தம் தெற்கு நீர்க்கோடு. நெதர்லாந்தோட பிராபண்ட் பகுதியில மேற்கே பெர்கன் ஒப் சோம்ல இருந்து கிழக்கே கிராவ வரைக்கும் 11 பழைய கோட்டை ஊரை கோர்த்து ஓட்டுற ரூட்.

ஏன் வரிசையா கோட்டை? 1568 முதல் 1648 வரை ஸ்பெயினோட சண்டை, அப்புறமும் தெக்குப் பக்கம் பயம் விடல, அதனால 1700 வாக்குல கூஹோர்ன்னு ஒரு இன்ஜினியர் இந்த ஊர்களுக்கு நடுவுல இருக்கிற தாழ்வான நிலத்தை எல்லாம் தண்ணிய திறந்துவிட்டு மூழ்கடிக்கிற மாதிரி இணைச்சாரு. ஆழம் முழங்கால் அளவுதான், ஆனா படகும் போகாது ஆளும் நடக்க முடியாது. நடவுக்கு தண்ணி கட்டின வயல்ல இறங்கினா வரப்பு எது வாய்க்கா எதுன்னு தெரியாம சட்டுனு இடுப்பு வரைக்கும் போயிடுவோம்ல, அதே கதைதான், கூடவே கோட்டைல இருந்து பீரங்கி வேற.

வழியில ப்ரெடாவ விட்டுடாதீங்க, 1590ல டச்சு படையில சுமார் 70 பேரு படகுல ஏத்துன கரி மண்ணுக்கு அடியில ஒளிஞ்சு உள்ள போயி ஸ்பெயின்காரங்ககிட்ட இருந்து ஊரையே புடிச்சாங்க (தும்மல் வந்திருந்தா காலி!).

கோட்டைன்னதும் மலை ஏறணும்னு நினைச்சு பயப்படுறாங்க, இங்க பெரும்பாலும் தட்டையான நிலத்துல நட்சத்திர வடிவ மண்மேடு, உங்களை படுத்தப்போறது எதிர்காத்து மட்டும்தான்.