வாசகர் கேள்வி – பதில்: உப மந்திரியா, இணை அமைச்சரா?

கேள்வி: எங்கள் எம்.பி.யாக இருந்த என்.வி.என்.சோமுவை வீட்டுப் பெரியவர்கள் 'உப மந்திரி' என்கிறார்கள். பழைய பத்திரிகையில் 'மத்திய அமைச்சர்' என்று பார்த்தேன். எது சரி? (வாசகர், ராயபுரம்)

பதில்: அவர் பாதுகாப்புத் துறை ராஜாங்க அமைச்சர். இன்று 'இணை அமைச்சர்' என்று எழுதுகிறோம். உப மந்திரி, அதாவது துணை அமைச்சர், அதற்கும் ஒரு படி கீழே. பெரியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கேபினட்டில் இல்லாத எல்லோரையும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

சோமுவின் அப்பா என்.வி.நடராசன், தி.மு.க.வைத் தொடங்கிய ஐம்பெரும் தலைவர்களில் ஒருவர். 1949 செப்டம்பரில் அந்தத் தொடக்கக் கூட்டம் நடந்தது உங்கள் ராபின்சன் பூங்காவில்தான். 1984-ல் இந்திரா அனுதாப அலையில் தமிழகத்தில் தி.மு.க.வுக்குக் கிடைத்த மக்களவை இடங்கள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று வடசென்னை, வென்றவர் சோமு. பிறகு 1996-ல் மீண்டும் வென்று, தேவகவுடா அரசில் இணை அமைச்சரானார். குஜ்ரால் பிரதமரான பின்னும் அதே துறை. கேபினட் அமைச்சர் முலாயம் சிங் யாதவ். 1997 நவம்பர் 14 அன்று அருணாசலப் பிரதேசத்தின் தவாங் பகுதியில் ஹெலிகாப்டர் விழுந்து சோமு இறந்தார். அடுத்த மாதமே மக்களவை கலைக்கப்பட்டது. 1998 பொதுத்தேர்தலில் வடசென்னை செ.குப்புசாமியிடம் போனது.

கேள்வி: கேபினட், தனிப்பொறுப்பு, இணை, துணை. இத்தனை படி எதற்கு? உண்மையில் யாருக்கு என்ன அதிகாரம்? (வாசகர், பெரம்பூர்)

பதில்: அரசியல் சட்டத்தில் இந்தப் படிகளைத் தேடினால் கிடைக்காது. 74, 75-வது பிரிவுகள் 'அமைச்சர்கள்' என்று பொதுவாகவே பேசுகின்றன. 'கேபினட்' என்ற சொல்கூட 352-வது பிரிவில் மட்டும்தான் வருகிறது. அதுவும் 1978-ல் 44-வது திருத்தத்தில் நுழைந்தது. படிகள் நடைமுறையில் வளர்ந்தவை. சம்பளச் சட்டத்தில் வேண்டுமானால் வித்தியாசம் தெரியும்: 2001 திருத்தத்தின்படி விருந்தோம்பல் படி (வருகிறவர்களை உபசரிக்கத் தரும் தொகை) மாதம் பிரதமருக்கு 3,000 ரூபாய், கேபினட் அமைச்சருக்கு 2,000, இணை அமைச்சருக்கு 1,000, துணை அமைச்சருக்கு 600. (600 ரூபாயில் யாரை விருந்தோம்புவது என்று கேட்காதீர்கள்.)

தனிப்பொறுப்பு இணை அமைச்சருக்கு மேலே வேறு அமைச்சர் கிடையாது. கோப்பு அவரோடு முடியும். ஆனால் கேபினட் கூட்டத்தில் தன் துறை விஷயம் வரும்போது, அழைத்தால் மட்டும் போய் உட்காரலாம்.

சாதாரண இணை அமைச்சரின் கதை வேறு. அவர் பதவியேற்றதும் பார்க்க வேண்டியது, கேபினட் அமைச்சர் போடும் வேலைப் பங்கீட்டு உத்தரவு. எந்தெந்தப் பிரிவின் கோப்பு அவரிடம் முடியும், எது அவர் வழியாக மேலே போகும், எது அவர் மேசைக்கே வராது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உத்தரவு தாராளமாக இருந்தால் அவர் அமைச்சர். கஞ்சத்தனமாக இருந்தாலோ, மாதக்கணக்கில் வராமலே போனாலோ, நாடாளுமன்றத்தில் பதில் வாசிப்பதும் ரிப்பன் வெட்டுவதும்தான் மிச்சம். இணை அமைச்சர்கள் 'வேலையே இல்லை' என்று புலம்புவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது; கட்சியில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இந்தக் காகிதத்தைத் தாண்ட முடியாது.

துணை அமைச்சர் பதவி சட்டத்தில் இன்னும் இருக்கிறது. 1991-ல் நரசிம்ம ராவ் அரசில்கூட அந்தப் பதவியில் ஆட்கள் இருந்தார்கள். இப்போது மத்தியில் யாரையும் அப்படி நியமிப்பதில்லை. 2003-ன் 91-வது திருத்தம் அமைச்சர்களின் மொத்த எண்ணிக்கைக்கு, மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதம் என்று வரம்பு கட்டிவிட்டது. 543-க்கு 81 பேர். இடம் குறையும்போது கடைசிப் படியை யார் கேட்டு வாங்குவார்கள்?

கேள்வி: துணை அமைச்சர் ஒருவர் தமிழகத்தில் பெரிதாகப் பேசப்பட்டதுண்டா? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: ஓ.வி.அழகேசன், ரயில்வே துணை அமைச்சர். 1956 நவம்பர் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தவர் கேபினட் அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. ஊரில் 'மாண்டது போதாதா' என்று தேர்தல் மேடையில் சொல்லடி வாங்கியவர் அழகேசன்.

கேள்வி: காசிமேட்டு மீனவர் கோரிக்கைகளை மத்திய மீன்வளத் துறை இணை அமைச்சருக்கு அனுப்பினால் பலன் உண்டா? (வாசகர், காசிமேடு)

பதில்: எந்தக் கோரிக்கை என்பதைப் பொறுத்தது. மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-வது. கடல் எல்லைக்கு (12 கடல் மைல்) அப்பால் மீன்பிடித்தல் மத்தியப் பட்டியலில் 57-வது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையில் ஆழ்கடலுக்கான உத்தரவு டெல்லியுடையது. தடைக்கால நிவாரணம் மாநில அரசு தருவது. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால் 'மாநில அரசை அணுகவும்' என்று மொத்தமும் திரும்பி வரும். இது அடிக்கடி நடக்கிறது. ஒரு மனுவில் ஒரே கோரிக்கை, படகுப் பதிவு எண், தேதி, முன்பு கொடுத்த மனுவின் நகல் இருக்கட்டும்.

மனுவைவிட நல்ல வழி, எம்.பி. மூலம் மக்களவையில் கேள்வி கேட்க வைப்பது. ஒரு நாளில் நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வது) 20-க்குத்தான் இடம், அதுவும் குலுக்கலில். நட்சத்திரமில்லாத கேள்விக்கு 230 இடம். எழுத்துப் பதிலே போதும் என்றால் இரண்டாவதைக் கேளுங்கள். குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் போக வேண்டும். கூட்டத்தொடர் தொடங்கியபின் ஓடினால் தாமதம். அமைச்சர் 'பரிசீலனையில் உள்ளது' என்று சொன்னாலே அது அவைக்கு அமைச்சர் தந்த உறுதிமொழிக் கணக்கில் சேர வாய்ப்புண்டு. சேர்ந்தால் 3 மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் மக்களவையின் உறுதிமொழிக் குழு விளக்கம் கேட்கும். பதிலின் தேதியையும் கேள்வி எண்ணையும் குறித்துவைத்து, நாலாவது மாதம் எம்.பி. அலுவலகத்தில் நினைவூட்டுங்கள்.