ஆறரைக்கு மேல் அடுப்பேறும் கறி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மா,

வேலைநாள் இரவுச் சமையலைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பில், சட்டியை மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் என்று ஒரு வரி வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மதுரையில் பிறந்து, கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் வேலை. வீடு வந்து சேர ஆறரை ஆகிவிடும். மகன் எட்டரைக்கெல்லாம் தூங்கி விழுவான்.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் ‘பிரெய்ஸிங்’ (வறுத்துவிட்டு, கொஞ்ச நீரில் மூடி மெல்ல வேகவைப்பது) என்று சொல்லி ஆட்டுக்காலை ஒயின் ஊற்றி மூன்று மணி நேரம் ஓவனில் வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஓவனும் இல்லை, ஒயினுக்கு அனுமதியும் இல்லை. மதுரையில் நாலு விசிலில் வெந்த கறி இங்கே ஆறு விசில் விட்டாலும் பல்லில் இழுக்கிறது. மலையில் தண்ணீர் சூடேறாமலே கொதித்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் மூடி வேகவைக்கும் சமையல் இங்கே ஆகாதா? “மட்டன்னா குக்கர்தான், சட்டியெல்லாம் வேலையத்தவங்களுக்கு” என்பது என் மாமியாரின் தீர்ப்பு. சீக்கிரம் முடிக்க ஒரு வழி சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள். குளிர்காய அறையில் கரி அடுப்பு வைக்கிறோம், சட்டியை அதன்மேல் ஏற்றிவிடலாமா? வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. அன்றைக்கு என்ன செய்வது?

எஸ்.,
கொடைக்கானல்


அன்புள்ள எஸ்.,

சீக்கிரம் முடிக்க வழி உண்டு. ஆனால் தீயைக் கூட்டுவதால் அது வராது, கடையில் எதை வாங்குகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. ஆட்டின் முன்னங்கால் சப்பை மூடிய சட்டியில் வேக இரண்டு மணி நேரம் கேட்கும். கோழியின் தொடைக்கு நாற்பது நிமிடம் போதும். கோஸுக்கு இருபத்தைந்து. எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டிய வீட்டில் செவ்வாய்க்கிழமை சப்பையை வாங்கிவிட்டு அடுப்போடு சண்டை போடுவதில் பயனில்லை. அதற்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் மலை விவகாரம். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், நான் இருக்கும் குன்னூர் 1,850. முந்நூறு மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு தோராயமாக ஒரு டிகிரி இறங்கும். ஆக உங்கள் அடுப்பில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஆவி போகுமே தவிரச் சூடு ஏறாது. அரிசியும் துவரம்பருப்பும் திறந்த பாத்திரத்தில் மலைக்காரர்களைப் படுத்துவது இதனால்தான்.

கறியின் கதை வேறு. தசைக்கு நடுவே வெள்ளையாக ஓடும் சவ்வில் இருப்பது கொலாஜன். பல்லில் இழுப்பது அதுதான். எழுபது டிகிரி தாண்டினால் அது மெல்ல ஜெலட்டின் என்ற வழவழப்பான கூழாகக் கரைய ஆரம்பிக்கும், எண்பது தொண்ணூறில் நன்றாகவே கரையும். ஓவனில் மூன்று மணி நேரம் வைக்கிறார்களே, அவர்கள் பாத்திரத்துக்குள்ளும் குழம்பு தளதளவென்று கொதிப்பதில்லை, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி விட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவே. அந்தச் சூடு உங்கள் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது. மதுரைக் கணக்கைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடக் கொடுங்கள், போதும். கறியைச் சிவக்க வறுப்பதில் அந்த வித்தியாசமும் இல்லை, எண்ணெயின் சூட்டை மலை ஒன்றும் செய்யாது. பழுப்பு நிறமும் வாசனையும் வருவது 140 டிகிரிக்கு மேல், கறியின் மேல்பரப்பில் ஈரம் வற்றிய பிறகு. கொடைக்கானலிலும் அப்படித்தான், கடலோரக் கீழக்கரையிலும் அப்படித்தான்.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி நியாயம். குக்கரை மட்டம் தட்டுகிறவர்களில் நான் இல்லை. வெயிட் போட்ட குக்கர் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் தன் பங்கைச் சேர்ப்பதால் மதுரையில் உள்ளே 120 டிகிரி வரை போகும். உங்கள் ஊரில் வெளிக்காற்றே இளைத்திருப்பதால் 116 வாக்கில் நிற்கும். நாலு டிகிரிதான் குறைவு. அதனால் மட்டும் கறி இழுத்துக்கொண்டிருக்காது. பெரிய தீயில் ஆறு விசிலும் எட்டே நிமிடத்தில் அடித்துவிட்டால் கறி வேக நேரம் எங்கே இருக்கிறது? விசில் என்பது உள்ளே மிஞ்சிய ஆவி வெளியேறும் சத்தம், கறி வெந்த செய்தி அல்ல. முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். வெள்ளாட்டுக் கறிக்கு இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும், கரண்டியால் வெயிட்டைத் தூக்கிவிட வேண்டாம். குக்கரில் தண்ணீர் வற்றாது என்பதால் அரை டம்ளருக்கு மேல் ஊற்றத் தேவையில்லை. கறியே நீர் விடும். திறந்த பிறகு ஐந்தாறு நிமிடம் மூடாமல் கொதிக்கவிட்டுக் குழம்பைச் சுண்டவையுங்கள். முன்னால் வறுத்து, நடுவில் குக்கரில் வேகவிட்டு, கடைசியில் திறந்து சுண்டவைத்தால் சட்டிக் கறிக்கு மிக அருகில் வந்துவிடும். மாமியாரும் ஒத்துக்கொள்வார்.

இனி ஆறரை மணிக் கோழி. கடையில் முழு லெக் பீஸாக நாலு கேளுங்கள், தோலோடு. நம் கடைகளில் கேட்காமலே தோலை உரித்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்ல வேண்டும். நெஞ்சுக்கறி இந்தச் சமையலுக்கு உதவாது. அதில் கரைய எதுவும் இல்லை, அரை மணி நேரத்தில் சக்கையாகிவிடும். பிராய்லர் கோழி இளசு, அதனால்தான் நாற்பது நிமிடத்தில் முடிகிறது. நாட்டுக்கோழி என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், அது விடுமுறை நாள் வேலை.

காலையில் கிளம்புவதற்கு முன் உப்பு, மஞ்சள், மிளகுத்தூள் தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மிளகு தாண்டிக்குடிப் பக்கத்தது கிடைத்தால் நல்லது. வந்ததும் ஒரு துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, அடி கனமான பாத்திரத்தில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் தோல் பக்கம் கீழே இருக்கும்படி இரண்டிரண்டாகப் போடுங்கள். நாலையும் ஒரேயடியாகத் திணித்தால் நீர் விட்டு அவியுமே தவிர வறுபடாது. போட்டபின் ஐந்து நிமிடம் தொடக்கூடாது. நம் கை சும்மா இருக்காது, கரண்டியை விட்டுத் திருப்பிக்கொண்டே இருப்போம், அதுதான் கேடு. சிவந்தால் அதுவே பாத்திரத்தை விட்டுவிடும். வர மறுத்தால் இன்னும் சிவக்கவில்லை என்று அர்த்தம்.

கோழியைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு அதே எண்ணெயில் சோம்பு, ஒரு துண்டுப் பட்டை, கறிவேப்பிலை, இரண்டு கை சின்ன வெங்காயம், தட்டிய இஞ்சி. வெங்காயம் நிறம் மாறும்போது ஒரு கை தண்ணீர் தெளித்து அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பையெல்லாம் சுரண்டிவிடுங்கள். குழம்பின் ருசி பெரும்பாலும் அதில்தான். சிலர் பாத்திரம் தீய்ந்துவிட்டது என்று அதைக் கழுவிக் கொட்டுகிறார்கள். பார்க்கவே வயிற்றெரிச்சல். கறுத்துப்போனால் மட்டும் கொட்டுங்கள்.

இப்போது உங்கள் ஊர்ப் பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டைக் கையருகே வைத்துக்கொண்டு யாரும் பூண்டு விழுது பாக்கெட் வாங்கக்கூடாது. ஒரு முழுப் பூண்டை உரித்துப் பல்லாகவே போடுங்கள், இடிக்க வேண்டாம், வறுக்கவும் வேண்டாம், வறுத்தால் கசக்கும். மூடிய சட்டியில் அது வெண்ணெய்போல் குழைந்து குழம்பில் கலந்துவிடும். கூடவே கட்டை விரல் பருமனில் கேரட், நாலாக வெட்டிய உருளைக்கிழங்கு. கோழியைத் தோல் மேலே தெரிய அடுக்கி, பாதி உயரத்துக்கு மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள். முழுக மூழ்கடித்தால் கிடைப்பது சூப். கொதி வந்ததும் சிறிய பர்னருக்கு மாற்றித் தீயைத் தாழ்த்திவிடுங்கள்.

மூடிக்கு ஒரு பழைய வழி. குழிவான தட்டால் மூடி, அந்தத் தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பார்களே, நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான். மேலே தண்ணீர் இருப்பதால் எழுகிற ஆவி தட்டில் பட்டுக் குளிர்ந்து மறுபடி சட்டிக்குள்ளேயே சொட்டும். குழம்பு வற்றுவதுபோலத் தெரிந்தால் தட்டில் சூடேறியிருக்கும் தண்ணீரையே கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். விலை உயர்ந்த வார்ப்பிரும்புப் பாத்திரங்களின் கனத்த மூடி செய்கிற வேலையை எவர்சில்வர் தட்டு செலவில்லாமல் செய்துவிடுகிறது.

ஆறரைக்கு வந்து கைகால் கழுவி ஆரம்பித்தால் ஏழுக்கெல்லாம் மூடிவிடலாம். மூடிய பிறகு மகனின் வீட்டுப்பாடம், மறுநாள் துணிமணி, எதை வேண்டுமானாலும் பாருங்கள். நடுவே ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். கடைசி ஐந்து நிமிடம் திறந்து வையுங்கள். எட்டுக்குள் சோறோ ஆப்பமோ, உங்கள் விருப்பம்.

ஒயின் இல்லாததை நினைத்து வருந்த வேண்டாம். அது கொடுப்பது புளிப்பும் லேசான இனிப்பும் வாசனையும். இரண்டு தக்காளியும் சுண்டைக்காய் அளவு வெல்லமும் அந்த இடத்தை நிரப்பிவிடும். சீசனில் உங்கள் ஊர் பிளம்ஸ் புளிப்பாகக் கிடைக்கும்போது இரண்டைக் கொட்டை நீக்கிப் போட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: புளிப்பு நிறைய இருந்தால் உருளைக்கிழங்கு வேக மறுக்கும். கிழங்கு பாதி வெந்தபின் தக்காளியைப் போடுங்கள். புளித்தண்ணீர் என்றால் இறக்குவதற்குச் சற்று முன்.

ஆட்டுக்கறியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத்தான் உங்கள் ஊரில் சந்தையும் கூடுகிறது, காய்கறியோடு கறியும் வாங்கிவரலாம். கடைக்காரரிடம் “தொடைக்கறி வேண்டாம், சப்பையும் கழுத்தும் போடுங்க, துண்டு பெரிசா இருக்கட்டும்” என்று சொல்லுங்கள். சவ்வும் எலும்பும் உள்ள கறிதான் இதற்கு ஏற்றது, எலும்பில்லாத மெல்லிய கறி காய்ந்துபோகும். மதியம் சட்டியை ஏற்றிவிட்டு இரண்டு மணி நேரம் அதன் போக்கில் விடுங்கள். வெந்ததும் அகலமான பாத்திரத்துக்கு மாற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். ‘இங்கே அடிக்கிற குளிருக்கு வெளியிலேயே இருக்கட்டும்’ என்ற மலைக்காரர் வழக்கம் எனக்கு ஒப்புதல் இல்லை. நமக்கு நடுக்கம் தரும் குளிர் கறியைக் காப்பாற்றப் போதாது. மறுநாள் பார்த்தால் கொழுப்பு மேலே கட்டியாக நிற்கும், வேண்டாமென்றால் வழித்து எடுத்துவிடலாம். குழம்பும் உறைந்திருக்கும், கரைந்த சவ்வின் வேலை அது. செவ்வாயோ புதனோ நன்றாகக் கொதிக்கவைத்துப் பரிமாறினால் ஞாயிற்றுக்கிழமையைவிட ருசியாக இருக்கும். இரண்டு மணி நேரக் கறி வேலைநாளில் கால் மணி நேரத்தில் தட்டுக்கு வரும் வழி இது ஒன்றுதான்.

கரி அடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடாது. சட்டியை ஏற்றுவது இருக்கட்டும், மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைப்பதே கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருவதுபோல இருக்கும், எழுந்திருக்க மாட்டோம். சிறுதீயில் மணிக்கணக்கில் வைக்கிற சமையல் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். புகைபோக்கியுள்ள கணப்பு என்றால் அது வேறு. இல்லையென்றால் கரி அடுப்பு வீட்டுக்கு வெளியிலேயே இருக்கட்டும், வாசல் திண்ணையில் வைத்துச் சமையுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு உங்கள் ஊரில் என்ன குறை? கோஸைத் தண்டு நீக்காமல் நாலாகப் பிளந்து, வெட்டிய பக்கம் எண்ணெயில் நன்றாகச் சிவக்கும்வரை வைத்துவிட்டு, மிளகும் கால் டம்ளர் தண்ணீரும் போட்டு மூடிவிடுங்கள். வெந்ததும் தேங்காய்ப்பால். பொடியாக நறுக்கிய பொரியலில் கோஸுக்கு இந்த இனிப்பு வராது. சௌசௌவும் அப்படியே, பெரிய துண்டாக. பச்சை பட்டர் பீன்ஸ் உரித்தது கிடைக்கும் காலத்தில் பூண்டோடு மூடி வேகவைத்தால் அதுவே தனிக் குழம்பு.

காய்ந்த ராஜ்மாவை மட்டும் இந்த வழியில் செய்யாதீர்கள். அதில் லெக்டின் என்ற நஞ்சு உண்டு. சிறுதீயில் கொதிக்காமல் வெந்தால் அது அழியாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மலையில் தண்ணீரின் சூடும் குறைவு. இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் முழுதாக வேகவைத்த பிறகு சட்டிக்கு மாற்றுங்கள். அந்த விஷயத்தில் உங்கள் மாமியார் சொன்னதே சரி.

அன்புடன்.