நான்கு ஜிபியைத் தாண்டாத ஃபைல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலூர் முதுநகரில் ஒரு பட்டறையின் அதிர்வு அளவுகளைப் பதிகிறோம். நொடிக்கு ஒரு நிரை, நிரைக்கு 1,000 எண்கள், எண்ணுக்கு 8 பைட். ஞாயிறு பிறக்கும் நள்ளிரவில் தொடங்கி வாரம் முழுக்க ஒரே ஃபைல். விண்டோஸில் சி மொழி புரோகிராம். ஒவ்வொரு வாரமும் சனி அதிகாலை 5.07க்கு மேல் ஃபைல் வளர்வதில்லை. 4,294,968,000 பைட்டில் நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியும் இல்லை. திறந்து பார்த்தால் ஞாயிறு முதல் நிரையில் 88 எண்கள் சரி, 89ஆவதிலிருந்து சனிக்கிழமை எண்கள். அடிக்கடி கரண்ட் போவதால்தானோ என்று யுபிஎஸ்ஸை மாற்றினோம், டிஸ்க்கையும் மாற்றினோம். பலனில்லை. துண்டு ஃபைல்களாக எழுதினால் தீருமா?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

யுபிஎஸ், டிஸ்க் இரண்டின் மீதும் குற்றமில்லை. நீங்கள் பொறுமையாக எண்ணிச் சொன்ன அந்த 88தான் தவறைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கிறது.

சைபரிலிருந்து எண்ணினால் சனி 5 மணி 7 நிமிடம் 51 நொடிக்கு வருவது 536871ஆம் நிரை. 8,000ஆல் பெருக்கினால், ஃபைலில் அதை எழுத வேண்டிய இடம் 4,294,968,000. உங்கள் புரோகிராம் இந்த இடத்தை 32 பிட் எண்ணில் கணக்கிடுகிறது. குறியில்லாத (மைனஸ் வராத) 32 பிட் எண் 4,294,967,295 வரைதான் தாங்கும். மீறினால் சைபரிலிருந்து மறுபடி தொடங்கும். மிச்சம் 704. அதாவது 88 எண்களின் இடம். சனிக்கிழமை நிரை ஞாயிறு நிரையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. 704 என்பதும் செல்லுபடியாகும் இடமே என்பதால் பிழைச் செய்தி வரவில்லை.

நிரை எண்ணைப் பெருக்குவதற்கு முன்பே 64 பிட்டாக மாற்றுங்கள். பெருக்கிய பிறகு மாற்றினால் வழிந்தது வழிந்ததுதான். சி மொழியின் 'அன்சைன்ட் லாங்' எண் வகை போதாது; 64 பிட் விண்டோஸிலும் அது 32 பிட்தான்.

துண்டாக எழுதுவதும் நல்லதே, ஆனால் அது இந்தத் தவறுக்கு மருந்து அல்ல. மணிக்கு ஒரு துண்டு போதும்: 3,600 நிரை, 2 கோடியே 88 லட்சம் பைட். முன்னால் 4,096 பைட் தலைப்பு வைத்து நிரல் (நெடுவரிசை) எண்ணிக்கை, எண் வகை, தொடக்க நிரை, இதுவரை எழுதி முடித்த நிரைகள் ஆகியவற்றைக் குறியுங்கள். நிரை எண்ணை 3,600ஆல் வகுத்த ஈவு துண்டின் எண். மீதி அதற்குள் இடம். 536871க்கு ஈவு 149, மீதி 471. எழுத வேண்டிய இடம் 4,096 + 471 × 8,000 = 3,772,096.

எழுதும் வரிசையில்தான் கவனம் வேண்டும். தானே புயலுக்குப் பின் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் உங்களுடையது. எந்த யுபிஎஸ்ஸும் ஒருநாள் தீரும். பத்து நிரைகளைச் சேர்த்து எழுதுங்கள், டிஸ்க்குக்கு இறக்குங்கள், அதன் பிறகே தலைப்பில் எண்ணிக்கையை மாற்றி மறுபடி இறக்குங்கள். ஃப்ளஷ் (புரோகிராம் சேர்த்து வைத்திருப்பதை வெளியே தள்ளுவது) செய்தால் தரவு இயக்க முறைமை வரைதான் போகும். டிஸ்க்குக்கு இறக்க விண்டோஸில் கமிட், லினக்ஸில் எஃப்சிங்க். நடுவில் கரண்ட் போனால் அரைகுறை நிரை எண்ணிக்கைக்குள் வராது. அடுத்த முறை அந்த இடத்திலிருந்தே மேலெழுதலாம். எண்ணிக்கையை முதலில் மாற்றினால் குப்பையைத் தரவென்று படிக்க நேரும். துண்டு முழுதையும் சைபரால் நிரப்பி வைத்து, சைபர் வந்தால் காலி என்று கொள்ளவும் வேண்டாம். ஓடாத இயந்திரத்தின் அதிர்வும் சைபர்தானே?

ஒரு நாளுக்கு ஒரே ஒரு நிரலைப் படிக்க வேண்டுமானால் 86,400 நிரைகளையும் தொட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு 4,096 பைட் பக்கம் உள்ளே வரும். 691,200 பைட்டுக்காக 35 கோடி பைட். முடிந்த துண்டை நினைவகத்தில் ஏற்றி நிரை-நிரல் மாற்றி இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபைலை அழித்துவிடாதீர்கள். வாரம் முழுதும் ஓடியிருந்தால், 704ஆம் பைட்டிலிருந்து 67,929 நிரைகள் சனிக்கிழமையுடையவை. அப்படியே எடுத்து 149 முதலான துண்டுகளில் போடலாம். ஞாயிறு தரவு மாலை 6 மணி 52 நிமிடம் 10 நொடியிலிருந்துதான் முழுதாகக் கிடைக்கும். அதற்கு முந்தியது, வேறு பிரதி இல்லாவிட்டால், திரும்பாது.