இங்கே சம்பளம், அங்கே வசவு: சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

சொற்பிறப்பும் மொழிபெயர்ப்பும்தான் எனக்குப் பழக்கமான இடம். அதற்குள் வருகிற கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜெர்மனில் ‘கிஃப்ட்’ என்றால் விஷமாமே?

ஆமாம். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் வேர் ‘கொடு’ என்பதுதான். ஜெர்மனில் அது கொடுக்கிற மருந்தளவு என்றாகி, கடைசியில் நஞ்சில் போய் நின்றுவிட்டது.

‘நோவா’ என்ற பெயரால் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் அந்தச் செவர்லே கார் விற்கவே இல்லையாமே? ‘நோ வா’ என்றால் ‘போகாது’ என்று அர்த்தமாம்.

கட்டுக்கதை. மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்ற கார் அது. ‘நோவா’வில் அழுத்தம் முதல் அசையில், ‘நோ வா’வில் இரண்டாவதில், கேட்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றாது. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனம் அதே பெயரில் பெட்ரோலே விற்றிருக்கிறது. உண்மை உதாரணம்தான் வேண்டுமென்றால் மிட்சுபிஷியின் பஜேரோவைச் சொல்லுங்கள். ஸ்பானியத்தில் அது ஆபாச வசவு என்பதால் அங்கெல்லாம் அந்த வண்டிக்கு மொன்டேரோ என்று பெயர்.

ஒரே மொழிக்குள்ளேயே இப்படி மாறுமா?

நன்றாகவே மாறும். ஸ்பெயினில் பஸ்ஸைப் ‘பிடிக்க’ச் சொல்லும் ‘கொகேர்’ என்ற வினைச்சொல், அர்ஜென்டினாவில் உடலுறவைக் குறிக்கும் கொச்சை, அங்கே ‘தொமார்’ என்றுதான் சொல்வார்கள். போர்ச்சுகலில் இளம்பெண்ணைக் குறிக்கும் ‘ரப்பரிகா’ பிரேசிலின் பல பகுதிகளில் பெண்ணை இழிவுபடுத்தும் சொல். நம்மிடமே ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டது நறுமணத்தை. இன்றைக்கு ஒருவரிடம் ‘நீங்கள் நாறுகிறீர்கள்’ என்று சொல்லிப் பார்க்க முடியுமா?

‘கூலி’ நம் சொல். கூலி உயர்வு, தினக்கூலி என்று தினமும் எழுதுகிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதற்கு ஏன் புண்பட வேண்டும்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். நமக்குக் கூலி என்பது வேலைக்குக் கிடைக்கும் காசு. கப்பலேறிப் போனபோது அது காசின் பெயராக இல்லாமல் ஆளின் பெயராகிவிட்டது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் போய் இறங்கினார்கள். அதற்குப் பிறகு அங்கே எந்த இந்தியரையும், வியாபாரியோ வக்கீலோ, இந்தச் சொல்லால் அழைப்பது வழக்கமாகிவிட்டது. காந்தியையே ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். ஒரு முறை மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் விட்டுவிட்டேன். படித்துப் பார்த்த தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவர் பதினோரு இடத்திலும் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினார், ஒரு குறிப்பும் எழுதவில்லை. அந்தப் பக்கங்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

அகராதியில் ‘தொழிலாளி’ என்றுதானே இருக்கிறது? அதோடு அது தமிழ்ச் சொல்லே இல்லை, குஜராத்தின் கோலி சாதிப் பெயரிலிருந்து வந்தது என்கிறார்களே.

மூலம் பற்றி இரண்டு கருத்தும் உண்டு, அதைத் தனியாகப் பேசலாம். ஆனால் மூலம் எதுவாக இருந்தாலும் அடிபட்டவருக்கு வலி ஒன்றுதான். அகராதியைக் காட்டி ஒருவருடைய காயத்தை இல்லை என்று சொல்லாதீர்கள். இந்தியாவிலேயே ரயில் நிலையச் சுமைதூக்குபவர்களை இனிச் ‘சகாயக்’ (உதவியாளர்) என்று அழைக்க வேண்டும் என 2016 ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

அப்படியானால் ‘பறையா’ என்ற ஆங்கிலச் சொல்?

பறை அடித்த மக்களின் பெயரை எடுத்து, ‘எல்லாரும் ஒதுக்கியவர்’ என்ற பொருளைக் கொடுத்து, உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். செய்தித்தாளில் ஏதோ ஒரு நாட்டை ‘பறையா ஸ்டேட்’ என்று போடும்போது, நடுவில் ஒரு சமூகம் நிற்பது எழுதியவருக்குத் தெரிவதேயில்லை. ஆங்கிலத்தில் எழுதினாலும் நான் இதைத் தொடமாட்டேன், ஒதுக்கப்பட்ட நாடு என்று பொருள்படும் வேறு சொல்லை எடுத்துக்கொள்வேன்.

இப்படியே போனால் எந்தச் சொல்லையும் பயன்படுத்த முடியாதே! கூலி சரியான தமிழ்ச் சொல்தானே?

மூன்றாவது முறை கேட்கிறீர்கள். தமிழில் எழுதுங்கள், தாராளமாக. டர்பனில் ஒருவரைப் பார்த்துச் சொல்லாதீர்கள். இதில் முரண் எதுவும் இல்லை. மலேசியாவில் தென்னிந்தியரைக் குறிக்கும் ‘கெலிங்’கைப் பாருங்கள். கலிங்கத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள், பழைய மலாய் நூல்களில் வெறும் இடப்பெயர், பினாங்கில் கப்பித்தான் கெலிங் மசூதி இன்றும் அதே பெயரில் மதிப்போடு நிற்கிறது. அதே சொல்லை ஒரு தமிழரைப் பார்த்து வீசினால் அடிதடியாகிவிடும். அப்புறம் ‘காஃபிர்’. இலங்கையில் புத்தளம் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியினர் தங்களையே காப்பிரி என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கருப்பினத்தவரைத் திட்டிய ஒருவருக்கு 2018ல் சிறைத்தண்டனையே கிடைத்தது.

நோவா கார் பற்றிச் சொல்லுங்களேன்.

மேலே சொல்லியிருக்கிறேன்.

என் குழந்தைக்கு வைக்கப்போகும் பெயர் ஏதாவது மொழியில் கெட்ட வார்த்தையா என்று பார்த்துச் சொல்வீர்களா?

எல்லா மொழியையும் பார்க்க என்னால் முடியாது. எந்த நாட்டில் வளரப்போகிறதோ அந்த மொழியை வீட்டில் பேசுகிற ஓர் இளைஞரிடம் கேளுங்கள். பள்ளிக்கூடத்து வசவுகள் அவருக்குத்தான் தெரியும்.

சரி, கூலி பற்றிக் கேட்டவன் நான்தான். தென்னாப்பிரிக்காவுக்குப் போன என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறேன். என்னவென்று எழுதுவது?

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஒப்பந்தத் தொழிலாளர், ஆங்கிலத்தில் ‘இண்டென்ச்சர்ட் லேபரர்’, என்று எழுதுங்கள். கப்பல் பதிவேட்டில் அவர் பெயரும் ஊரும் இருக்க வாய்ப்பு உண்டு. கிடைத்தால் அந்தப் பெயரை முதல் வரியிலேயே போடுங்கள்.