பூச்சிகளைப் படமெடுக்க 35, 60, 100 எம்எம்: எந்த மேக்ரோ லென்ஸ் வாங்கலாம்?

கேள்வி: என்னிடம் கேனான் 200டி மார்க் 2 கேமராவும் 18-55, 55-250 எஸ்டிஎம் லென்ஸ்களும் உள்ளன. சிலந்தி, எறும்பு, வண்டு போன்ற சிறு பூச்சிகளை மிக நெருக்கத்தில் எடுக்க வேண்டும். கேனானின் 35, 60, 100 எம்எம் மேக்ரோ லென்ஸ்களில் எது சரி?

பதில்:

பூச்சிகளுக்கு என்றால் 100. 35 வேண்டாம். 60 நல்ல நிலையில் குறைந்த விலைக்குப் பழையதாகக் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். ஆனால் 55-250 கையில் இருப்பதால் இந்த மூன்றில் எதையும் உடனே வாங்காமலே தொடங்க ஒரு வழி இருக்கிறது. அதைக் கீழே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து முதலில் அதைச் செய்து பாருங்கள்.

மூன்று லென்ஸ்களும் 1:1 வரை போகும். அதாவது பூச்சி என்ன அளவோ, அதே அளவில் அதன் பிம்பம் சென்சாரில் விழும். உங்கள் கேமராவின் சென்சார் 22.3 மி.மீ. அகலம். எனவே 1:1-இல் 22 மி.மீ. அகலப் பரப்பு படத்தை முழுதாக நிரப்பும். 8 மி.மீ. நீளமுள்ள தாவும் சிலந்தி படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரும். 24 மெகாபிக்சலில் அது ஏறக்குறைய 2,100 பிக்சல், கிராப் செய்து எடுத்தாலும் கண்ணும் முகத்து மயிர்களும் தெளிவாக நிற்கும். 35-இல் எடுத்தாலும் 100-இல் எடுத்தாலும் 1:1-இல் சிலந்தியின் அளவு ஒன்றுதான். கூர்மையைப் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டாம். மேக்ரோ லென்ஸ்களில் கூர்மை இல்லாத லென்ஸ் அரிது, படம் மங்குவது பெரும்பாலும் கை ஆட்டத்தாலும் ஃபோகஸ் தப்புவதாலும்தான்.

மாறுவது, லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவில் மிஞ்சும் இடைவெளி. லென்ஸ் விவரத்தில் 'குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம்' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சென்சாரிலிருந்து அளந்தது, லென்ஸின் நீளமும் அதில் சேர்ந்திருக்கிறது. 35 எம்எம்-க்கு 13 செ.மீ. என்று போட்டிருக்கும், முனைக்கு முன்னால் மிஞ்சுவது 3 செ.மீ. மட்டுமே. 60-க்கு 20 என்றிருக்கும், மிஞ்சுவது 9 செ.மீ. அளவில். 100-இல் மாடலைப் பொறுத்து 13 முதல் 15 செ.மீ. கிடைக்கும்.

3 செ.மீ.-க்குப் போனால் முதலில் பூச்சி ஓடிவிடும். ஓடாமல் உட்கார்ந்திருந்தாலும் லென்ஸின் நிழல் அதன் மேலேயே விழும், ஃபிளாஷ் ஒளி உள்ளே நுழைய வழியிருக்காது. 35 எம்எம் லென்ஸின் முகப்பில் இரண்டு எல்இடி விளக்குகள் பொருத்தியிருப்பது இதற்காகத்தான். நாணயம், சர்க்யூட் போர்டு, தட்டில் வைத்த உணவு போன்ற அசையாத பொருள்களுக்கு அது நல்ல ஏற்பாடு. எறும்பை எஃப் 11-இல் (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் ஒளித்துளை சிறிதாகும்), 1/200 விநாடியில் உறைய வைக்க அந்த வெளிச்சம் போதாது.

100-க்கு இன்னொரு ஆதாயம் பின்னணி. குவியத் தூரம் (லென்ஸின் எம்எம் எண்) கூடும்போது பூச்சிக்குப் பின்னால் தெரியும் பரப்பு சுருங்கும். 35-இல் பின்னால் உள்ள குச்சி, காய்ந்த இலை, வானம் எல்லாம் சட்டகத்துக்குள் வந்துவிடும். 100-இல் நீங்கள் இரண்டு விரல் நகர்ந்தாலே பின்னணி முழுவதும் ஒரே பச்சையாகிவிடும்.

100-இலும் கேனானில் பல மாடல்கள் உண்டு. 2009-இல் வந்த 'எல்' வகையில் ஆட்டம் தடுக்கும் ஐஎஸ் உள்ளது. சாதாரணத் தூரத்தில் 4 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது) உதவும் என்று கேனான் சொல்லும் அந்த வசதி, 1:1-க்கு வரும்போது 2 ஸ்டாப்பாகக் குறைந்துவிடும். ஃபிளாஷுடன் பூச்சி எடுப்பவருக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது அவசியமில்லை என்பது என் கருத்து. அதற்கு முந்தைய, ஐஎஸ் இல்லாத யுஎஸ்எம் (ஃபோகஸ் மோட்டாரின் வகை) மாடலே போதும். 1990-இல் வந்த, யுஎஸ்எம் என்று எழுதாத மாடல் ஃபோகஸ் செய்யும்போது முன்னால் நீளும், அதைத் தவிருங்கள். டாம்ரானின் பழைய 90 எம்எம் லென்ஸும் அப்படித்தான், நீண்ட பிறகு இடைவெளி 10 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். படத்தின் தரத்தில் அதற்குக் குறை சொல்ல முடியாது, விலை குறைவாகக் கிடைத்தால் எடுக்கலாம். மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் 100 உங்கள் கேமராவில் பொருந்தாது. உங்கள் கேமராவில் பொருந்தும் இஎஃப் வகை 100-ஐ நாளைக்கு மிரர்லெஸ் ஆர் கேமராவுக்கு மாறினாலும் அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாம்.

இனி அந்த மாற்று வழி. ரேனாக்ஸ் டிசிஆர்-150 என்று ஒரு சிறிய குளோஸ்-அப் லென்ஸ் கிடைக்கும். 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் அளவுள்ள லென்ஸ்களின் முன்னால் கிளிப் போல மாட்டலாம், உங்கள் 55-250-இன் அளவு 58. இதன் வலிமை 4.8 டயாப்டர். 1000-ஐ 4.8-ஆல் வகுத்தால் 208. முதன்மை லென்ஸை முடிவிலியில் வைத்தால் ரேனாக்ஸிலிருந்து ஏறக்குறைய 20 செ.மீ. தள்ளி இருக்கும் பொருள் ஃபோகஸாகும். உருப்பெருக்கம், லென்ஸின் குவியத் தூரத்தை இந்த 208-ஆல் வகுத்தால் வருவது: 250-இல் 1.2 மடங்கு. மேக்ரோ லென்ஸின் 1:1-ஐத் தாண்டிவிட்டீர்கள், இடைவெளியும் 100 எம்எம் தருவதைவிட அதிகம், ஐஎஸ்-ம் இருக்கிறது. டிசிஆர்-250 என்பது 8 டயாப்டர், 250-இல் இரண்டு மடங்கு வரும், இடைவெளி 12 செ.மீ. அளவுக்குக் குறையும். தொடக்கத்துக்கு 150-தான் பொருத்தம். இரண்டு மடங்கில் பூச்சியை வ்யூஃபைண்டருக்குள் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இதில் குறைகளும் உண்டு. ஜூமைப் பாதிக்குக் கீழே இறக்கினால் மூலைகள் கருக்கும். ரேனாக்ஸை மாட்டியபடி தூரப் பொருளை எடுக்க முடியாது, கழற்ற வேண்டும். ஓரங்களில் கூர்மை 100 எம்எம் அளவுக்கு வராது. ஆனால் செலவு அந்த லென்ஸின் விலையில் சிறு பங்குதான், இந்த வகைப் படம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்று வளையம்) வாங்குவதானால் மின் தொடர்பு உள்ளதை வாங்குங்கள். தொடர்பில்லாத மலிவு வளையங்களில் அபெர்ச்சரை (ஒளித்துளையின் அளவை) கேமராவிலிருந்து மாற்ற முடியாது. டியூபின் நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் கிடைக்கும்: 50 எம்எம் லென்ஸுக்கு 25 மி.மீ. டியூப் 0.5 மடங்கு தரும், 250-க்கு அதே டியூப் 0.1 மட்டுமே. அதனால் உங்கள் ஜூமுக்கு அது பெரிதாக உதவாது. வண்ணத்துப்பூச்சி, தும்பிகளுக்கு இவை எதுவுமே வேண்டியதில்லை. 55-250 தனியாகவே 0.29 மடங்கு போகும், அதாவது 77 மி.மீ. அகலப் பரப்பு. எலுமிச்சைச் செடியில் உட்காரும் பெரிய வண்ணத்துப்பூச்சி அதிலேயே சட்டகத்தை நிறைத்துவிடும்.

எந்த லென்ஸ் வாங்கினாலும் அபெர்ச்சர் விஷயம் ஒன்றுதான். 1:1-இல், எஃப் 11-இல் கூட ஃபோகஸ் ஆழம் ஒரு மி.மீ.-க்குச் சற்றுக் குறைவு. எஃப் 22-க்குப் போனால் ஆழம் கூடுமே என்று தோன்றும். ஆனால் 1:1-இல் லென்ஸ் நடைமுறையில் இரண்டு ஸ்டாப் இருண்டுவிடும்: எஃப் 11 என்று வைத்தது எஃப் 22 போல வேலை செய்யும், எஃப் 22 என்று வைத்தது எஃப் 44 போல. சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுவதும் மழுங்கிப்போகும். கேனான் கேமரா இந்த மாற்றத்தைத் திரையில் காட்டாது. எஃப் 8-க்கும் 11-க்கும் நடுவில் நில்லுங்கள். ஆழம் போதாவிட்டால் பூச்சியின் உடல் சென்சாருக்கு இணையாக வரும்படி கோணத்தை மாற்றுங்கள், பூச்சியின் கண் மட்டும் கூர்மையாக விழுந்தால் மற்றதைப் பார்ப்பவர் மன்னித்துவிடுவார்.

அடுத்த செலவு வெளிச்சம். லென்ஸைவிட இதுவே படத்தை மாற்றும் என்று நம்புகிறேன். மேனுவல் மோடில் 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் 1/8 அல்லது 1/16 சக்தியில் தொடங்குங்கள். குறைந்த சக்தியில் ஃபிளாஷ் மின்னும் நேரம் மிகச் சிறியது, கை நடுக்கத்தை உறைய வைப்பது ஷட்டரைவிட அதுதான். டிஃப்யூசர் கட்டாயம் வேண்டும். வெள்ளை ஃபோம் ஷீட்டையோ டிரேசிங் பேப்பரையோ வளைத்து ஃபிளாஷிலிருந்து லென்ஸ் முனை வரை கொண்டுவாருங்கள். பூச்சிக்கு எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு மென்மை. அது இல்லாவிட்டால் வண்டின் பளபளப்பான முதுகில் வெள்ளைத் திட்டு எரிந்துபோய் நிற்கும். ரிங் ஃபிளாஷ் வேண்டாம், சிலந்தியின் ஒவ்வொரு கண்ணிலும் வெள்ளை வளையம் தெரியும். பின்னணி கறுப்பாக வந்தால் பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இலை இருக்கும்படி நின்று எடுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: 200டி மார்க் 2-இன் ஹாட் ஷூவில் (மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில்) நடு முனை கிடையாது. நடு முனை மட்டுமே உள்ள மலிவு மேனுவல் ஃபிளாஷ்கள் இதில் மின்னவே மின்னாது. கேனான் டிடிஎல் (கேமராவே ஃபிளாஷ் அளவைத் தீர்மானிக்கும் முறை) ஆதரவுள்ள ஃபிளாஷாக, இந்த மாடலிலேயே மாட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

ஃபோகஸை மேனுவலில் 1:1-க்கு வைத்துவிட்டு வளையத்தைத் தொடாதீர்கள். உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். இடது கையால் பூச்சி இருக்கும் தண்டைப் பிடித்து, லென்ஸின் முனையை அதே கையின் மேல் சாய்த்துக்கொண்டால் காற்றில் தண்டும் லென்ஸும் சேர்ந்தே ஆடும். வெளியில் ட்ரைபாடைவிட இது பயன்படும். விடியற்காலையில், பூச்சிகள் சூடேறிப் பரபரப்பாகும் முன் போங்கள்.

100 எம்எம்-ஐப் பழையதாக வாங்கும்போது, கைபேசி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கம் வழியே சாய்வாகப் பாருங்கள். நூலாம்படை போல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபோகஸ் வரம்புச் சுவிட்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்து, அருகிலும் தூரத்திலும் ஃபோகஸ் செய்து சோதியுங்கள். எஃப் 16-இல் நான்கைந்து படங்கள் தொடர்ந்து எடுத்து, எல்லாம் ஒரே வெளிச்சத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் வெளுத்து வந்தால் இதழ்கள் ஒட்டுகின்றன என்று பொருள். வாங்கிய பின் கடலோர ஊரில் இருப்பவரானால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள்.