கேள்வி – பதில்: தமிழ்ப் பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்

கேள்வி: என் மகன் தரம் 7 படிக்கிறான். கணிதத்தில் எண்பதுக்கு மேல் எடுப்பவன், தமிழில் போன தவணை 54. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அதனால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது. மூன்று பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாயிற்று, டியூஷனும் போகிறான். பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. நாலாவதாக எந்தப் புத்தகம் வாங்கலாம்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: நாலாவது புத்தகம் வேண்டாம் அம்மா. போன தவணை டீச்சர் திருத்திக் கொடுத்த விடைத்தாள் எங்கே? பெரும்பாலான வீடுகளில் அது புள்ளியைப் பார்த்துத் திட்டி முடிந்த அன்றே அலுமாரிக்குள் போய்விடும். அதைத் தேடி எடுங்கள். போன 46 புள்ளியும் எங்கெங்கே போனது என்று மகனையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், கணிதம்தான் நன்றாக வருகிறதே. கிரகித்தலில் எவ்வளவு, சுருக்கத்தில் எவ்வளவு, இலக்கணத்தில், கட்டுரையில் எவ்வளவு என்று தனித்தனியாக. பல வருடம் சிவப்புப் பேனை பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகள் பயப்படுகிற இடத்தில் அவ்வளவாகப் புள்ளி போவதில்லை. "இலக்கணம் வராது சேர்" என்று அழுகிற பிள்ளை இலக்கணத்தில் நாலு புள்ளி விட்டிருக்கும், "அது ஈசி" என்ற கிரகித்தலில் பன்னிரண்டு விட்டிருக்கும்.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நான் வகுப்பில் கொடுக்கும் ஒரு சின்னப் பந்தி இது:

"புகையிரதம் வெள்ளவத்தையில் நின்றபோது மழை தூறத் தொடங்கியது. மேடையில் கடலை விற்றுக்கொண்டிருந்த முதியவர் தமது கூடையை முதலில் மூடினார். பிறகுதான் தமது தலையை மூடினார்."

முதியவர் முதலில் எதை மூடினார்? எல்லாப் பிள்ளையும் "கூடையை" என்று சரியாக எழுதும். அடுத்த கேள்வி, அவர் ஏன் கூடையை முதலில் மூடினார்? வகுப்பில் பாதிப் பேர் "மழை பெய்ததால்" என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிடுவார்கள். மழைக்காகத்தான் மூடினார், சரி. ஆனால் கேள்வி "ஏன் மூடினார்" இல்லை, "ஏன் முதலில்". கடலை நனைந்தால் அன்றைய வியாபாரம் போய்விடும், தலை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், அதுதான் விடை. பந்தியில் அது எழுதப்படவே இல்லை, பிள்ளைதான் இரண்டு வசனத்துக்கும் நடுவிலிருந்து அதை எடுக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அது தெரியாமல் இல்லை. நம்ம பாஷைதானே என்று கேள்வியை ஓடி வாசித்துவிட்டு, பாதியிலேயே விடையை எழுதத் தொடங்கியிருப்பான். கணிதக் கேள்வியை இப்படி வாசிக்க மாட்டான். அதிலே ஒரு இலக்கம் மாறினாலும் விடை பிழைத்துவிடும் என்ற பயம் இருக்கிறது.

ஆகவே இந்தப் பத்து நாளில் கிரகித்தலுக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். பழைய வினாத்தாளில் ஒரு நாளைக்கு ஒரு பந்தி, கேள்வியைச் சத்தமாக வாசித்து, அதில் எந்தச் சொல் போனால் கேள்வி மாறிவிடுமோ அந்தச் சொல்லின் கீழ் கோடு போட வேண்டும். மேலே உள்ளதில் அது "முதலில்". கோடு போட்ட பிறகுதான் விடை. நீங்கள் பக்கத்தில் இருந்து விடை சொல்லிக் கொடுக்காதீர்கள், எந்தச் சொல்லுக்குக் கோடு போட்டாய் என்று மட்டும் கேளுங்கள், அது போதும். இன்னொன்று, "சொந்த வசனத்தில் எழுதுக" என்று கேட்டால் பந்தியின் வரியை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது என்பதைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் தமிழ் பேசுகிறோமே என்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். நாம் வீட்டில் "காகமெல்லாம் பறக்குது" என்போம், அதில் ஒரு குறையும் இல்லை. விடைத்தாளில் "காகங்கள் பறந்தது" என்று எழுதினால் புள்ளி போகும், "பறந்தன" என்றுதான் எழுத வேண்டும். அப்புறம் நம் வாயில் "மழை" என்பது பெரும்பாலும் "மளை" ஆகிவிடுகிறது, பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். மனம், மணம் என்ற இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லிப் பழகிய பிள்ளைக்குக் காது உதவி செய்யாது. பொருளோடு சேர்த்துக் கையால்தான் பழக வேண்டும். வலி உடம்பில், வழி தெருவில், வளி அவனுடைய விஞ்ஞானப் புத்தகத்தில் (வளிமண்டலம் அங்கே இருக்கிறதல்லவா!). அரை பாதி, அறை வீட்டில். கரை கடலுக்கு, கறை சட்டைக்கு. இதற்குப் பெரிய பட்டியல் எதுவும் தேவையில்லை, அவன் போன தவணை பிழையாக எழுதிய சொற்களை மட்டும் ஒரு சின்னக் கொப்பியில் சேர்த்து, இரவு சாப்பாட்டுக்கு முன் பத்துச் சொல் சொல்வதெழுதுதல் வையுங்கள். சரியாக வந்த சொல்லை அடுத்த நாள் வெட்டிவிடலாம். வெட்டுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கட்டுரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றால், பத்து நாளில் கட்டுரை பெரிதாகத் திருந்தாது. எழுதி முடித்துத் திரும்ப வாசிக்க ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் பழக்குங்கள், மற்றதை அடுத்த தவணை பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சாதாரண தரம் எழுதப் போகிறேன். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று டியூஷனில் மூன்று பக்கம் தந்திருக்கிறார்கள். அத்தனையும் பாடமாக்க வேண்டுமா?
– மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம் மகள். வல்லினம் மிகுதல் என்றால் அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கும்போது நடுவில் அதே மெய் கூடி வருவதுதானே. நீ எழுதும் ஒரு பக்கத்தில் வரக்கூடிய இடங்களில் பெரும்பங்கு நாலைந்து விதிக்குள் அடங்கிவிடும். பெயரோடு ஐ என்ற வேற்றுமை உருபு சேர்ந்து வந்தால் மிகும் (கதவு + ஐ): கதவைத் தட்டினாள். கு உருபு வந்தால் மிகும்: கடைக்குப் போனாள். அந்த, இந்த, எந்த வந்தால் மிகும்: அந்தப் பெட்டி. அகரத்திலோ இகரத்திலோ முடிகிற வினையெச்சம் (இன்னொரு வினையைக் கொண்டு முடியும் சொல்) என்றால் மிகும்: வரச் சொன்னாள், ஓடிப் போனாள். உகரத்தில் முடிகிற வினையெச்சத்தில்தான் கவனம் வேண்டும். "எடுத்துக் கொடுத்தாள்", "படித்துப் பார்த்தாள்" என்று உகரத்துக்கு முன் வல்லின மெய் இரட்டித்து நின்றால் மிகும், "வந்து போனாள்", "செய்து கொடுத்தாள்" என்பவற்றில் மிகாது. மிகாத இடத்துக்கு வந்த பையன், பெரிய கடை, சுடுசோறு, ஊறுகாய் என்ற நாலையும் நினைவில் வைத்துக்கொள். சந்தேகம் வருகிறபோது விதியைத் தேடாமல் இவற்றில் எதைப் போல இருக்கிறது என்று பார்.

இதெல்லாம் சும்மா அலங்காரம் என்று நினைக்காதே. "வேலை கொடு" என்றால் தொழில் கேட்கிறாய். "வேலைக் கொடு" (வேல் + ஐ) என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறாய். ஆடிவேல் விழா பார்த்து வளர்ந்த கொழும்புப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கேள்வி: பேத்தி ஆங்கில மொழிமூலம் படிக்கிறாள், வயது ஒன்பது. பள்ளிக்கூடத்தில் தமிழ் வாசிப்புப் பரீட்சை வைக்கப் போகிறார்களாம். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள், வசனம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு தாத்தா, தெஹிவளை

பதில்: ஐயா, அவளுடைய வகுப்புப் புத்தகத்தை ஒரு வாரம் மூடி வையுங்கள். இரண்டு வகுப்புக் கீழே உள்ள தமிழ்ப் பாடநூலை எடுங்கள், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரே பக்கத்தை மூன்று தரம் வாசிக்க வேண்டும். முதலில் நீங்கள், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு அவள் தனியே. மூன்றாம் தரம் எழுத்துக் கூட்டுவது குறைந்திருப்பது உங்களுக்கே கேட்கும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும், அழத் தொடங்கினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். கதைப் புத்தகம் வேண்டுமென்றால் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் அவளையே தெரிவு செய்ய விடுங்கள்.

வெளியே போகிறபோது 100 இலக்க பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து, காலி வீதியில் தமிழில் உள்ள பெயர்ப்பலகைகளை வாசிக்கச் சொல்லுங்கள். பஸ் நகர்ந்துவிடும் என்பதால் எழுத்துக் கூட்ட நேரம் இருக்காது, சொல்லை ஒரே பார்வையில் பிடிக்கப் பழகுவாள். அந்தப் பலகைகளில் எழுத்துப்பிழை தாராளமாக இருக்கும், வருத்தம்தான், ஆனால் இந்த விஷயத்தில் அது நமக்கு லாபம். பிழை ஒன்றைக் கண்டுபிடித்தால் ஒரு ஐஸ்கிரீம் என்று சொல்லிப் பாருங்கள். காசு கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொண்டு போங்கள்.