ஹால்ஸ்டாட் ஊரில் ஏன் இவ்வளவு குறைவான மக்கள் வாழ்கிறார்கள்?

ஆஸ்திரியாவில் ஏரியை ஒட்டி இருக்கும் இந்த ஊரின் மக்கள்தொகை 800-ஐத் தொடாது. காரணம் எளிது: வீடு கட்ட நிலம் இல்லை.

முன்னால் 125 மீட்டர் வரை ஆழமுள்ள ஏரி, பின்னால் செங்குத்தாக எழும் மலை. இடையில் ஒரு ஒடுங்கிய கரைதான் ஊர். சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு திண்ணை இருந்தால் அதில் எத்தனை பேர் உட்கார முடியும்? அதே கதைதான். அதனால் வீடுகள் சரிவில் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக ஏறிப் போகின்றன. ரயில் நிலையம்கூட எதிர்க்கரையில்தான். இறங்கிப் படகில் வர வேண்டும்.

இடநெருக்கடி இறந்தவர்களையும் விடவில்லை. கல்லறைத் தோட்டம் சிறியது என்பதால் சில ஆண்டுகள் கழித்து எலும்புகளை எடுத்து, மண்டையோட்டில் பெயரெழுதி, பூக்கள் வரைந்து, தேவாலயத்தின் எலும்பு அறையில் வைத்தார்கள். அங்கே இன்று 1200-க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் இருக்கின்றன. எனக்கு இது பயமுறுத்தும் விஷயமாகத் தெரியவில்லை. தங்கள் முன்னோரைக் கைவிடாத அன்பாகவே படுகிறது.

இத்தனை நெருக்கடியிலும் மக்கள் இங்கே தங்கியதற்குக் காரணம் மலைக்குள் இருக்கும் உப்பு. 3000 ஆண்டுகளுக்கும் மேலாக அதை வெட்டி எடுக்கிறார்கள்.

ஊரின் பரப்பே சிறியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: நிர்வாக எல்லை ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி பாறையும் காடும் நீரும்தான்.